மகப்பேறின்மை பற்றிய தப்பெண்ணங்கள்

வேலப்பன்சாவடி வழியாகத் திருவேற்காடு கருமாரியம்மன் சந்நிதிக்குச் செல்வோருள், குழந்தை வரம் வேண்டிச் செல்வோர் பலர். கணவனும் மனைவியும் சேர்ந்தே செல்கின்றனர். மருத்துவரிடம் செல்ல நேரும்பொழுதோ, மனைவி மட்டும் மாமியாரோடு அனுப்பப்படுகிறாள். குறை அவளுடையதே என்று வீட்டார் முன்னரே முடிவு கட்டிவிடுகின்றனர். மலடி என்னும் சொல் நம் ஊர்களில் எளிதாக வழங்குகிறது. ஆடவனை அவ்வாறு குறிப்பிட்டு நாம் கேட்டது அரிது.

உண்மை யாதெனில், குழந்தைப்பேறு இல்லாத தம்பதிகளில் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் கணவனுடைய குறையே காரணமாகவோ, காரணங்களுள் ஒன்றாகவோ அமைந்துள்ளது. உடல் வலிமையோ இல்லற ஆற்றலோ இதற்கு அத்தாட்சியாகாது. மூட்டை சுமக்கும் திடகாத்திரமான ஆடவனிடத்தும் விந்தணுக்கள் குறைந்திருக்கலாம். நகரும் திறனற்றும் இருக்கலாம். நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தாலன்றி இது புலப்படாது.

பெண் நிலம், ஆண் விதை, விளையாவிடில் நிலத்தின் குற்றம் என்று நியாயம் பேசுவோர் உளர். உழவர் பெருமக்களையே கேட்கிறோம்: நாற்றங்காலில் நெல் முளைக்காவிடில் உடனே மண்ணைப் பழிப்பீர்களா? விதையின் முளைப்புத் திறனையன்றோ முதலில் ஐயுறுவீர்கள்! நெல் விதைக்குச் சான்று வழங்கவே 80 விழுக்காடு முளைப்பு வேண்டும். மேலும் அந்த உவமையே பிழையானது. பெண் வெறும் நிலமல்லள், கருமுட்டை அவளுடையது, கரு உருவாவதில் இருவருக்கும் பங்குண்டு.

விந்தணுப் பரிசோதனை எளியது, செலவும் குறைவு. 2 முதல் 7 நாட்கள் உறவின்றி இருந்து செய்துகொள்ள வேண்டும். மனைவியைப் பல சோதனைகளுக்கு உட்படுத்துமுன் இதனைச் செய்வதே முறை. குறை காணப்படின் புகையிலையையும் மதுவையும் விட்டொழித்தல் வேண்டும். விந்தணு உருவாகச் சுமார் இரண்டரை மாதங்கள் ஆகுமாதலால், பயன் உடனே தெரியாது.

முதற் குழந்தை பிறந்தபின் குறை நேராது என்பதும் தவறே. நாள் பற்றிய குழப்பமும் உண்டு. கருமுட்டை வெளிவந்தபின் ஒரு நாள் அளவே நிற்கும். விந்தணு 5 நாட்கள்வரை உயிர்த்திருக்கும். ஆகவே முட்டை வெளிவருவதற்கு முந்திய சில நாட்களே ஏற்றவை. 28 நாட்களுக்கு ஒருமுறை மாதவிலக்காகும் பெண்ணுக்கு ஏறத்தாழ 14-ஆம் நாள் முட்டை வெளிவரும்.

ஊராட்சி உறுப்பினர்களுக்கு ஒன்று கூற வேண்டும். குழந்தை இல்லையென்று மறுமணம் பேசும் பஞ்சாயத்துகளில் நீங்கள் அமர நேரலாம். குழந்தையின்மை மட்டும் மணமுறிவுக்குக் காரணமாகாது. 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டப்படி, மனைவி உயிருடன் இருக்க, முதல் மணம் சட்டப்படி நீங்காத நிலையில் செய்யும் மறுமணம் செல்லாது; தண்டனைக்கும் உரியது. குறை கணவனிடத்தில் இருப்பின், இரண்டாவதாக வரும் பெண்ணும் அதே பழியையன்றோ சுமப்பாள்? அத்தகைய பேச்சு எழுந்தால், கணவனுடைய பரிசோதனைச் சீட்டு எங்கே என்று முதலில் கேளுங்கள்.

ஓராண்டு சேர்ந்து வாழ்ந்தும் கருத்தரிக்காவிடில் மருத்துவரை நாடலாம். மனைவிக்கு 35 வயது கடந்திருப்பின் ஆறு மாதங்களே போதும். பரம்பரை வைத்தியம் என்று சுவரொட்டி ஒட்டுவோரிடம் ஆண்டுகளை இழக்க வேண்டா. 1844-இல் தோன்றிய எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனை, வேலப்பன்சாவடியிலிருந்து இதே நெடுஞ்சாலையில் கிழக்கே செல்லும் தொலைவில்தான் உள்ளது. முதல் நாளே இருவரும் செல்க. பழைய மருத்துவச் சீட்டுகள் இருப்பின் உடன் கொண்டு செல்க.