ஆச்சரியக்குறிகளில் இந்திய வரைபடம்: புதிர் புரோகிராமைப் பிரித்துப் பார்ப்போம்

கல்லூரியில் சி மொழி படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் இந்த புரோகிராமை நீங்களும் பார்த்திருக்கலாம். சில வரிகள்தான், நடுவில் பொருளே இல்லாத ஆங்கில எழுத்துகளின் நீண்ட வரிசை. இயக்கினால் திரையில் ஆச்சரியக்குறிகளாலேயே இந்திய வரைபடம் வந்து நிற்கும். (அதில் நந்தனத்தைத் தேடாதீர்கள். ஒரு குறி குறைந்தது 37 கி.மீ. அகலம்!) மாணவர்களிடையே பல ஆண்டுகளாகக் கைமாறி வரும் இது, வேண்டுமென்றே குழப்பமாக எழுதப்பட்டது. இப்படி எழுதுவதற்கென்றே 1984-ல் தொடங்கிய சர்வதேசப் போட்டிகூட உண்டு.

படம் ஒளிந்திருப்பது அந்த எழுத்து வரிசையில்தான். முதல் 31 எழுத்துகள் சும்மா கண்துடைப்பு. புரோகிராம் அவற்றைத் தாண்டி 32-வது எழுத்தில்தான் தொடங்குகிறது. அது ஆங்கிலப் பெரிய டி. கம்ப்யூட்டரில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஆஸ்கி எண் உண்டு அல்லவா? டி-யின் எண் 84. 64-ஐக் கழித்தால் 20. அதாவது 20 இடைவெளி விட வேண்டும். அடுத்தது பெரிய எஃப், எண் 70. கழித்தால் 6. ஆறு ஆச்சரியக்குறி. பிறகு மீண்டும் இடைவெளி. இப்படியே மாறி மாறிப் போகும். ஃபேக்ஸ் மெஷின் பக்கத்தைச் சுருக்கி அனுப்புவதும் ஏறக்குறைய இதே முறையில்தான்.

சரி, ஆச்சரியக்குறிக்குப் பதில் நட்சத்திரக்குறி வேண்டும் என்று நினைக்கிறீர்கள். ஆச்சரியக்குறியின் எண் 33, நட்சத்திரத்தின் எண் 42. புரோகிராமில் 33-ஐ 42 ஆக்கிப் பாருங்கள். நட்சத்திரம் வரும், ஆனால் இடைவெளி இருந்த இடமெல்லாம் கூட்டல் குறியாகிவிடும்! காரணம், இடைவெளியின் எண் 32 புரோகிராமில் எங்குமே எழுதப்படவில்லை. 33-ன் கடைசி பிட்டை மாற்றினால் 32 கிடைக்கும் என்ற தந்திரத்தில் ஓடுகிறது. 42-ல் அதே பிட்டை மாற்றினால் 43. அது கூட்டல் குறி.

சி என்ற வேரியபிள் இன்னும் குறும்பு. அது 10-லிருந்து எண்ணிக்கொண்டே போய், 90 ஆனதும் 9-ஆல் வகுபடும். கிடைக்கும் 10-தான் அடுத்த வரிக்குப் போகச் சொல்லும் ஆஸ்கி எண். எண்ணுவதும் அதுவே, அச்சிடுவதும் அதுவே.

இதைச் சீர்செய்ய முதலில் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். ஏ, பி, சி என்பவற்றுக்கு 'எத்தனை முறை', 'எந்த எழுத்து', 'எந்த இடம்' எனப் பொருள் தரும் பெயர்களை ஆங்கிலத்தில் வையுங்கள். கண்துடைப்பு எழுத்துகளை நீக்கி, தொடக்க எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். 'இடைவெளியா, குறியா' என்பதைத் தனியாக ஓர் இஃப் வரியில் கேளுங்கள். 79 எழுத்து ஆனதும் அடுத்த வரி என்பதையும் வெளிப்படையாகவே எழுதுங்கள். புரோகிராம் இரண்டு மடங்கு நீளும், நீளட்டும். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் இயக்கி, பழைய படத்தோடு ஒப்பிட மறக்காதீர்கள். இப்போது நட்சத்திரம் கேட்டால் ஓர் இடத்தில் மாற்றினால் போதும்.

வரியின் அகலத்தை மட்டும் தொட வேண்டாம். எழுத்து வரிசையே அந்த அகலத்துக்கு அளந்து தயாரிக்கப்பட்டது. மாற்றினால் இந்தியா சரிந்து ஓடும்.