கொடைக்கானல் ஏரி மீனும் பாதரசமும்

கோவையிலிருந்து பழனி வழியாகக் கொடைக்கானல் போனவர்களில் பலரும் அந்த ஏரியில் படகு ஏறியிருப்பீர்கள். அதன் தண்ணீரிலும் அடிச்சேற்றிலும் மீனிலும் பாதரசம் கலந்திருப்பதை ஐதராபாத் விஞ்ஞானிகள் 2006-ல் வெளியிட்ட ஆய்வு காட்டியது.

2001 மார்ச்சில் கொடைக்கானலின் மூஞ்சிக்கல் பகுதிப் பழைய சாமான் கடை ஒன்றில், உடைந்த தெர்மாமீட்டர் கண்ணாடி பாதரசத்தோடு மூட்டை மூட்டையாகக் கிடந்தது. ஊர்மக்கள் போராடினார்கள். அந்தக் கழிவு வந்த, கொடைக்கானலில் இருந்த இந்துஸ்தான் லீவரின் தெர்மாமீட்டர் ஆலை அந்த ஆண்டே மூடப்பட்டது.

பாதரசம் அறை வெப்பத்திலேயே ஆவியாகும். காற்றில் பரவி, மழையோடு இறங்கி, ஏரிச் சேற்றில் தங்கும். அங்குள்ள நுண்ணுயிரிகள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றும். கொடிய வடிவம் அதுதான். பாசியில் ஏறும், பாசி தின்னும் பூச்சியில் கூடும், சின்ன மீனில் இன்னும் கூடும், பெரிய மீனில் பல மடங்காகிவிடும். மஞ்சள் போட்டுக் கழுவினாலும், குழம்பில் கொதிக்க வைத்தாலும் போகாது. சதையிலேயே ஊறியிருக்கும். வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும்.

கனடா, ஸ்வீடன் நாட்டுக் குளிர் ஏரிகளில், பக்கத்தில் ஆலையே இல்லாத இடத்திலும் காற்று கொண்டுவந்த பாதரசம் மீனில் சேர்ந்திருக்கிறது. எந்த மீனை எவ்வளவு சாப்பிடலாம் என்று அங்கே அரசே சொல்கிறது. கொடைக்கானல் மீனையும் ஆண்டுதோறும் சோதித்து, முடிவைத் தமிழில் அறிவிப்பதுதான் முறை.

வீட்டில் பழைய தெர்மாமீட்டர் உடைந்தால் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். ஜன்னலைத் திறந்துவிட்டு, கையுறை போட்டு, கெட்டி அட்டையால் துளிகளைத் திரட்டி, மூடியுள்ள புட்டியில் இறுக அடையுங்கள். சாக்கடையில் மட்டும் கொட்டவே வேண்டாம்.