கறுவலின் கண்கள்

"பிள்ளை, இவன்ர படம் ஒண்டு எடுத்துத் தாறியே? இவனும் போனா முகம் மறந்துபோகும்."

பக்கத்து வீட்டு ஆச்சி கேட்டது வாசலில் படுத்திருந்த கறுவலைப் பற்றி. பதினொரு வயது நாய். மூக்கடி நரைத்து, பின்னங்காலும் இழுக்கத் தொடங்கியிருந்தது.

2009இல் வீட்டையும் அல்பங்களையும் விட்டு வந்தவர்களில் ஆச்சியும் ஒருவர். அவருடைய சுவரில் ஒரேயொரு படந்தான் உண்டு. மகனின் அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்தது. பெருப்பித்ததில் இரண்டு கண்களும் கலங்கிவிட்டன.

கலியாணவீடு, சாமத்தியவீடு என்று படமெடுத்துப் பிழைக்கிற எனக்கு ஒரு நாய் பெரிய காரியமா என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். முதல்நாள் எடுத்த அத்தனையும் பழுது. தகரக்கூரை வீட்டுக்குள் இருட்டு. பிளாஷ் போட்டேன். கண்கள் பச்சையாய் எரிந்தன. நாய், பூனையின் விழித்திரைக்குப் பின்னால் வெளிச்சத்தைத் திருப்பியனுப்பும் ஒரு படலம் இருக்கிறது. இரவில் பார்க்க அதுதான் உதவுகிறது. பிளாஷுக்கு மினுங்குவதும் அதுவே. கறுவல் பயந்து கட்டிலுக்குக் கீழே போய்விட்டான். பிறகு வெயிலில் வைத்து எடுத்தால், பின்னால் வெளிச்சம், முன்னால் ஒரு கரிக்கட்டி!

மறுநாள் காலை ஏழரைக்குப் போனேன். புத்தகங்களில் யன்னல் வெளிச்சம் என்று எழுதியிருப்பார்கள். எங்கள் வீடுகளில் யன்னல் சிறிது. வாசல்தான் பெரிய யன்னல். கறுவலை வாசற்படியிலிருந்து இரண்டடி உள்ளே, வெயில் நேரே படாத நிழலில், முற்றத்தைப் பார்த்தபடி இருத்தச் சொன்னேன். முற்றத்து வெண்மணலில் பட்ட வெளிச்சம் கீழிருந்து எழும்பி அவனுடைய தாடையைக்கூடத் தெளிவாகக் காட்டியது. மணல் இல்லாத வீட்டில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துவிட்டாலும் போதும்.

என்னிடம் இருப்பது பழைய கமராவும் 50 மில்லிமீற்றர் லென்ஸும். சிறிய சென்சர் உள்ள கமராவில் அது 75, 80 போல வேலை செய்யும். முகப்படத்துக்கு நல்லது. அகன்ற கோணத்து லென்ஸோடு கிட்டப்போனால் மூக்கு பெருத்து, காது சிறுத்துவிடும். தள்ளியிருந்து எடுத்தால் முகம் முகமாகவே வரும், நாயும் மிரளாது. துவாரத்தை 1.8க்குத் திறந்தேன். கண் தெளிவு, நீண்ட மூக்கு கலங்கல். 2.8 ஆக்கினேன். அவன் தலையை ஆட்டிக்கொண்டே இருப்பதால் வேகம் 250இல் ஒரு பங்கு செக்கன், ஐ.எஸ்.ஓ. 800. இன்னொன்று, படம் முழுக்கக் கறுப்பு என்றால் கமரா அதை இருட்டென்று எண்ணி, வெளிச்சத்தைக் கூட்டி, மயிரைச் சாம்பலாக்கிவிடும். ஆகவே கொஞ்சம் குறைத்து வைத்தேன்.

கைத்தொலைபேசி மட்டும் உள்ளவர்களும் இதே வாசலில் எடுக்கலாம். 2 மடங்கு லென்ஸ் இருந்தால் அதை வைத்துத் தள்ளி நில்லுங்கள். திரையில் கண்ணைத் தொட்டுவிட்டு எடுங்கள். பின்னணியைத் தானே கலங்கலாக்கும் போர்ட்ரெயிட் முறை மீசை மயிரையும் காது நுனியையும் சேர்த்து அழித்துவிடும். எனக்கு அதில் விருப்பமில்லை.

நான் நிலத்தில் குப்புறப் படுத்தேன். ஆச்சிக்குச் சிரிப்பு. "ஆச்சி, பிஸ்கற் பையைக் கசக்குங்கோ" என்றேன். சரசரத்ததும் கறுவல் காதை நிமிர்த்தி நேரே பார்த்தான். இரண்டு கண்ணிலும் வாசல் சின்னச் சதுரமாய்த் தெரிந்தது. அதுதான் படம்.

கழுவி, லமினேட் செய்து கொடுத்தேன். ஆச்சி நெடுநேரம் பார்த்தார்.

"என்னையும் அவனோட சேத்து ஒண்டு எடு பிள்ளை. என்ர படமும் ஒருத்தரிட்டையும் இல்லை."

வாசலிலேயே இருத்தினேன். இருவரின் முகமும் தெளிவாக வரவேண்டுமென்று, துவாரத்தை 4 ஆக்கினேன்.