லேபிள் ஊரில் லேபிள் இல்லாத வயர்

சிவகாசிக்கு அடுத்த வருஷம் ஆடிப்பெருக்கு அன்றே பிறந்துவிடும். அன்றுதான் அச்சகங்களில் பூஜை போட்டுப் புதிய காலண்டர் ஆல்பத்தை வெளியிடுவார்கள். அந்தக் கனமான ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு முகவர்கள் ரயிலேறிப் போய், கடை கடையாக உட்கார்ந்து, முருகனையும் லட்சுமியையும் இயற்கைக் காட்சிகளையும் தாள் தாளாகப் புரட்டிக் காட்டி ஆர்டர் எடுத்து வந்த காலம் ஒன்று இருந்தது. ஆல்பம் இன்றும் இருக்கிறது. ஆனால் படங்கள் கைபேசியிலும் டேப்லெட்டிலும் ஏறிவிட்டன. உள்ளங்கை அகலத் திரையில் லட்சுமியைப் பார்த்துவிட்டு ஆயிரம் காலண்டருக்குச் சரி சொல்ல எந்த முதலாளிக்கும் மனம் வராது. “அந்த டிவியில போட்டுக் காட்டுங்களேன்” என்பார். அங்கேதான் ஒரு வயர் தேவைப்படுகிறது.

“அண்ணாச்சி, போனை டிவியில மாட்டுற வயர் இருக்கா?”

“எந்தப் போன் தம்பி? டிவி என்ன டிவி?”

இப்படித் திருப்பிக் கேட்கிறவர்தான் நல்ல கடைக்காரர். கேட்காமலேயே எடுத்து நீட்டுகிற கடையில் வாங்கி, முக்கியமான ஒரு ஆர்டர் நாளில் “நோ சிக்னல்” என்ற எழுத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அந்த வயரில் பழுது எதுவும் இல்லை. என் போனால் படத்தை வெளியே அனுப்பவே முடியாது என்பது பிறகுதான் தெரிந்தது.

வீடியோ கேசட் ஓட்டும் டெக் காலத்தில் இந்தக் குழப்பத்துக்கு இடமே இருக்கவில்லை. டிவியின் முதுகில் உள்ளே போக ஒரே வழி, ஆன்டெனா குழி. மொட்டை மாடியில் கொடைக்கானலைப் பார்த்துத் திருப்பி வைத்த ஆன்டெனாவிலிருந்து தட்டையான இரட்டைக் கம்பி வயர் இறங்கி வரும். பங்குனிப் பொங்கலுக்குத் தெருவில் பணம் பிரித்து டெக் வாடகைக்கு எடுத்தால், டெக்குக்காரரே வயரையும் கொண்டுவந்து அந்தக் குழியில் செருகி, டிவியை அதற்குரிய சேனலுக்குத் திருப்பி வைப்பார். விடிய விடிய மூன்று படம் ஓடும். வயரைத் தேர்ந்தெடுக்கும் வேலை பார்க்கிறவர்களுக்குக் கிடையாது.

அடுத்து வந்தது மூன்று நிற வயர். மஞ்சளில் படம், வெள்ளையில் இடது பக்க ஒலி, சிவப்பில் வலது பக்க ஒலி. நிறத்துக்கு நிறம் செருகினால் போதும். 2006இல் தொடங்கிய இலவச கலர் டிவித் திட்டத்தில் 14 அங்குலப் பெட்டிகள் தீப்பெட்டி ஒட்டும் வீடுகளுக்கும் வந்து சேர்ந்தன. டிவிடி பிளேயர் வாங்கியவர்கள் அதை இந்த மூன்று நிறத்தைப் பார்த்துத்தான் இணைத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் தப்பில்லாமல் மாட்டிய வயர் அது. அதைச் செய்தவர்களை இன்றைக்கும் நான் மதிக்கிறேன்.

அச்சகங்களின் டிசைன் அறையில் இருந்தது வேறு வயர். ஐபிஎம் 1987இல் கொண்டுவந்த விஜிஏ. நீல நிறத் தலை, மூன்று வரிசையில் பதினைந்து முள், இரண்டு பக்கமும் திருகாணி. அதில் சிவப்புக்கு ஒரு முள், பச்சைக்கு ஒரு முள், நீலத்துக்கு ஒரு முள். மானிட்டரை அடிக்கடி இடம் மாற்றும்போது இவற்றில் ஏதாவது ஒன்று வளைந்துவிடும், ஒடிந்தும் போகும். அப்போது திரையில் வெள்ளைத் தாள் வெள்ளையாக இருக்காது. நீல முள் போனால் மஞ்சளாகும். பச்சை போனால் மெஜந்தா. சிவப்பு போனால் சயான். ஆப்செட் மெஷினில் கறுப்போடு சேர்த்து ஓடும் அதே மூன்று மைகள்! வேறு ஊர்க்காரர்கள் மானிட்டர் போய்விட்டது என்று மெக்கானிக்கைத் தேடலாம். சிவகாசிப் பையன்களுக்கு அந்த வேலை இல்லை. “மெஜந்தா அடிக்குது, பச்சை முள்ளைப் பாரு” என்பார்கள். ஒளியின் மூன்று நிறங்களில் ஒன்றைக் கழித்தால் மையின் ஒரு நிறம் மிஞ்சும் என்ற பாடத்தை அவர்கள் புத்தகத்தில் படிக்கவில்லை, ஒடிந்த முள்ளில் படித்தார்கள்.

அந்த வயருக்கு இன்னொரு நேர்மையும் இருந்தது. கெட்டுப்போவதைப் படிப்படியாகக் காட்டும். நீளம் கூடினால் எழுத்துக்குப் பக்கத்தில் நிழல் விழும், மெல்லிய வயரானால் படம் மங்கும். எச்டிஎம்ஐ அப்படியில்லை. அதில் போவது எண்களாக்கப்பட்ட படம். வந்து சேர்ந்தால் முழுசாக வரும். சேராவிட்டால் புள்ளி புள்ளியாய் மினுக்கும், விட்டுவிட்டு அணையும், இல்லையென்றால் ஒன்றுமே வராது. ஐந்து மடங்கு விலை கொடுத்து வாங்கிய தங்கமுலாம் வயரில் லட்சுமியின் புடவை கூடுதலாகச் சிவக்காது. முலாம் துருவைத் தடுக்கும், அவ்வளவுதான்.

எச்டிஎம்ஐயின் முதல் வடிவம் 2002 டிசம்பரில் வெளியானது. அதற்கப்புறம் அந்தக் குடும்பம் பெருகிவிட்டது. டிவியில் பெரிய வாய். கல்யாண வீட்டு கேமராக்கள் பலவற்றில் மினி வாய், இன்னும் சில சின்னக் கருவிகளில் அதைவிடச் சிறிய மைக்ரோ வாய். இவை அளவில்தான் வேறு, உள்ளே ஓடுவது ஒன்றே. வாய்க்கு ஏற்ற வயர் வாங்கினால் முடிந்தது. பழைய டிவிதான் சிக்கல். எச்டிஎம்ஐயிலிருந்து மூன்று நிறத்துக்கும், விஜிஏவுக்கும் வெறும் வயரை வைத்துப் போக முடியாது. நடுவே எண்ணை அலையாக மாற்றும் பெட்டி வேண்டும். அந்தப் பெட்டிக்குத் திசை உண்டு. டிவிடி பிளேயரைப் புது டிவியில் மாட்டும் பெட்டியும், புதுக் கருவியைப் பழைய டிவியில் மாட்டும் பெட்டியும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். மாற்றி வாங்கிவிட்டால் ஓடாது. விஜிஏவில் ஒலியும் போகாது என்பதால் ஸ்பீக்கருக்குத் தனி வயர் இழுக்க வேண்டும்.

இவ்வளவும் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கக்கூடியவை. டைப்-சி வந்த பிறகு கண் உதவவில்லை. சார்ஜ் போடுவதும் அந்தக் குழியில்தான், பாட்டுக் கேட்பதும் அதில்தான். படம் வெளியே போவது மட்டும் சில போன்களில்தான். டிஸ்ப்ளேபோர்ட் வசதியை உள்ளே வைத்துச் செய்திருந்தால் மட்டுமே அது நடக்கும். சாம்சங்கின் கேலக்ஸி எஸ் வரிசையில் 2017இல் வந்த எஸ்8 முதல் அது இருக்கிறது. 2023இன் ஐபோன் 15இலும் இருக்கிறது. நம் பக்கத்தில் பெரும்பாலோர் கையில் இருக்கும் குறைந்த விலைப் போன்களில் பொதுவாக இருப்பதில்லை. இதைப் போனின் உடம்பில் எங்கேயும் எழுதியிருக்க மாட்டார்கள். கம்பெனியின் இணையப் பக்கத்தில் நுணுக்க விவரங்களுக்குள் டிஸ்ப்ளேபோர்ட் என்ற சொல் இருக்கிறதா என்று தேடித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். வயரும் அப்படியே. போனோடு வரும் சார்ஜர் வயரில் பெரும்பாலும் மின்சாரத்துக்கும் மெதுவான தகவலுக்கும் மட்டுமே கம்பி இருக்கும். இரண்டு முனையும் டைப்-சி, பார்வைக்கு அண்ணன் தம்பி, ஆனால் ஒன்றில் படம் போகும், மற்றதில் போகாது.

படம் அனுப்பாத போனுக்கு எவ்வளவு விலையில் வயர் வாங்கினாலும் வீண். அப்படிப்பட்டவர்களுக்கு நான் சொல்வது பென் டிரைவ். படங்களை அதில் ஏற்றி டிவியின் யுஎஸ்பி குழியில் செருகிவிட்டால் காலண்டரைக் காட்டிவிடலாம். வைஃபை நன்றாக இருக்கும் கடையென்றால் வயரே இல்லாமல் அனுப்பலாம். கூடவே ஆல்பத்தையும் கொண்டுபோங்கள். டிவி நிறத்தைத் தூக்கிக் காட்டும், தாளில் வரும் நிறம் அதுவல்ல. டிவியைப் பார்த்து ஆர்டர் கொடுத்த கடைக்காரர் மார்கழியில் காலண்டரைப் பிரித்து முகம் சுளித்தால், அடுத்த வருஷம் அந்த ஆர்டர் நமக்கு இல்லை.

என் மனத்தாங்கல் லேபிளைப் பற்றியது. வாழைப்பழச் சீப்பில் ஒட்டுவதிலிருந்து மருந்துப் புட்டியில் ஒட்டுவது வரை எத்தனையோ லேபிள்களை அச்சடிக்கிற ஊர் இது. பட்டாசுப் பெட்டி ஒவ்வொன்றிலும் ரசாயன விவரத்தை அச்சிட வேண்டும் என்று 2005இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2018 தீர்ப்புக்குப் பிறகு வந்த பசுமைப் பட்டாசுப் பெட்டியில் சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனமான நீரியின் முத்திரையும் கியூஆர் கோடும் இருக்கின்றன. பத்து விநாடி எரிந்து சாம்பலாகிற பொருளுக்கே இத்தனை விவரம்! ஐந்தாறு வருஷம் உழைக்க வேண்டிய வயரின் மேல் பெரும்பாலும் ஒன்றுமே இல்லை. இருந்தாலும் “4கே”, “2.1” என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். எச்டிஎம்ஐயின் முறைப்படி வயரைப் பதிப்பு எண்ணால் குறிக்கவே கூடாது, வகைப் பெயரால்தான் குறிக்க வேண்டும். ஹை ஸ்பீடு என்றால் சாதாரண முழு எச்டி டிவிக்குப் போதும். 4கே டிவியில் விநாடிக்கு 60 படம் ஓட வேண்டுமென்றால் 18 ஜிகாபிட் தாங்கும் பிரீமியம் ஹை ஸ்பீடு. அதற்கும் மேலே 48 ஜிகாபிட் தாங்கும் அல்ட்ரா ஹை ஸ்பீடு. அந்த வயர் வரும் பெட்டியில் ஒட்டிய லேபிளைப் பட்டாசுப் பெட்டியைப் போலவே போனில் ஸ்கேன் செய்து அசல்தானா என்று பார்த்துக்கொள்ளலாம்.

வயர் விற்கிறவர்களிடம் நான் கேட்பது நான்கு வரி. படம் போகுமா, எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் போகும், எத்தனை ஜிகாபிட், சார்ஜுக்கு எத்தனை வாட். தீப்பெட்டி லேபிள் அளவுத் தாளில் அடங்கிவிடும், தமிழிலேயே அச்சிடலாம்.

அந்த லேபிள் வரும்வரை, ஆல்பம் எடுத்துக்கொண்டு கிளம்பும் முகவர்கள் வயர் வாங்கப் போகும்போது போனையும் கையோடு கொண்டுபோங்கள். கடையில் இருக்கும் டிவியில் மாட்டச் சொல்லி, படம் வந்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.