காளான் வித்தின் தூய்மை

சிப்பிக்காளான் பையில் பச்சை நிறம் படர்ந்துவிட்டால், வைக்கோல் சரியாக வேகவில்லை என்றே வளர்ப்போர் எண்ணுவர். அதுவும் காரணமாகலாம். ஆயினும் பல வேளைகளில் கேடு, வித்து தயாரிக்கும் சோதனைச்சாலையிலேயே புகுந்துவிடுகிறது. ஒரு தாய்க்குழாயில் மாசு இருப்பின், அதிலிருந்து பெருக்கப்படும் அத்தனை புட்டிகளும் கெடும். நஷ்டமோ பை வாங்கிய குடியானவரைச் சாரும்.

200 கிராம் உருளைக்கிழங்கை வேகவைத்து வடித்த சாற்றுடன் 20 கிராம் டெக்ஸ்ட்ரோஸும் 20 கிராம் அகரும் சேர்த்து, 1 லிட்டர் அளவாக்கிய கூழிலேயே காளான் இழை வளர்க்கப்படுகிறது. காளானுக்கு உகந்த இவ்வுணவு மற்றப் பூசணங்களுக்கும் விருந்தாகும். வெறுமனே கொதிக்க வைப்பது போதாது. சில பாக்டீரியாக்களின் உறைவித்துக்கள் கொதிநீரிலும் பிழைத்திருக்கும். எனவே நீராவி அழுத்தக் கலத்தில் 121 பாகை சென்டிகிரேட் வெப்பத்தில் 15 முதல் 20 நிமிடம் வரை வைத்தல் அவசியம். வித்துக்கான சோளத்தினுள் வெப்பம் மெதுவாகவே பரவுமாதலால், அதற்கு இன்னும் நெடுநேரம் வேண்டும்.

அடுத்த பகை காற்று. 1928-இல் பிளெமிங்கின் தட்டில் தானாக வந்து விழுந்த பூசணம் உலகுக்குப் பெனிசிலினைத் தந்தது. நம் தட்டில் விழுவது அத்தகைய அதிர்ஷ்டத்தைத் தருவதில்லை! இழையை மாற்றும்போது மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். கைகளை ஸ்பிரிட்டால் துடைத்து, அது நன்கு உலர்ந்த பின்னரே விளக்கை ஏற்றுக. ஊசியைச் செந்தணலாகக் காய்ச்சி, ஆறவிட்டு, குழாயின் வாயைச் சுடரருகே சாய்த்துப் பிடித்து விரைவில் வேலையை முடிக்க வேண்டும்.

டிரைகோடெர்மா என்னும் பூசணம் தொடக்கத்தில் வெண்மையாகவே இருந்து ஏமாற்றும். பச்சை தோன்றும்போது நுண்விதைகள் எண்ணிறந்து உண்டாகியிருக்கும். அப்போது மூடியைத் திறந்து கெட்ட பகுதியை வெட்டியெறிய முயல்வது, அறை முழுவதும் அதைத் தூவுவதற்கு ஒப்பாகும். திறவாமலே கலத்திலிட்டு அவித்து அழிப்பதுதான் முறை. விதைநேர்த்திக்காகக் கிலோவுக்கு 4 கிராம் வீதம் நாம் கலப்பதும் இதே இனமே. வயலில் நண்பன், வித்தறையில் பகைவன். ஆகவே அத்தூளைக் கையாண்டவர் குளித்து உடைமாற்றாமல் வித்தறைக்குள் நுழைதல் கூடாது.

தூய தாய்க்குழாய்களைக் குளிர்ப்பெட்டியில் 4 பாகையில் சேமிக்கலாம். வைக்கோல் காளானுக்கு மட்டும் இது பொருந்தாது. அக்குளிரில் அதன் இழை மடிந்துவிடும்.