சிலிண்டர் சுவர்ச் சோதனை
எஞ்சினைப் பிரித்துப் புதுப்பிக்கும் முன், சிலிண்டரின் உட்சுவர் எவ்வளவு தேய்ந்துள்ளது என்று அளந்து அறிவது சிலிண்டர் சுவர்ச் சோதனை எனப்படும்.

வார்ப்பிரும்புச் சிலிண்டரின் சுவர் எல்லா இடத்திலும் ஒரே அளவாகத் தேய்வதில்லை. பிஸ்டன் மேலேறித் திரும்பும் இடத்தில் வெப்பமும் அழுத்தமும் மிகுதி. எண்ணெய்ப் படலமோ மெலிது. எனவே மேல் ரிங் நின்று திரும்பும் இடத்தில்தான் தேய்மானம் அதிகம். அதற்கும் மேலே, ரிங் தொடாத பகுதி தேயாமல் விளிம்பாக நிற்கும். விரல் நகத்தை மேல்நோக்கி இழுத்தால் தட்டுப்படும். சுவர் பளபளப்பாக இருந்தால் நல்லது என்று பலர் எண்ணுவது தவறு. எண்ணெயைப் பிடித்து வைக்கும் குறுக்குக் கோடுகள் அழிந்துபோனதன் அடையாளமே பெரும்பாலும் அந்தப் பளபளப்பு.

போர் கேஜ் கொண்டு மேல், நடு, கீழ் ஆகிய மூன்று இடங்களிலும், கிராங்க் தண்டுக்கு இணையாகவும் குறுக்காகவும் அளப்பர். அக்கருவி இல்லாதபோது ஒரு ரிங்கைச் சாயாமல் உள்ளே வைத்து, அதன் வாய் இடைவெளியை மேலும் கீழும் ஃபீலர் கேஜால் அளக்கலாம். இரண்டின் வேறுபாட்டை 3.14ஆல் வகுத்தால் விட்ட வேறுபாடு கிடைக்கும். வேறுபாடு 0.31 மி.மீ. எனில், மேலே விட்டம் ஏறத்தாழ 0.10 மி.மீ. விரிந்துள்ளது. பள்ளியில் படித்த வட்டச் சுற்றளவுச் சூத்திரமே இது. ஆயினும் சிலிண்டர் நீள்வட்டமாகத் தேய்ந்திருப்பதை இம்முறை காட்டாது.

தேய்மானம் தயாரிப்பாளர் கையேட்டின் எல்லையைத் தாண்டினால், போர் செய்து பெரிய அளவு பிஸ்டன் போட வேண்டும். செலவுக்கு அஞ்சிப் புது ரிங் மட்டும் போட்டால், மேல் ரிங் அந்த விளிம்பில் மோதி உடையக்கூடும்; புகையும் விரைவில் திரும்பிவிடும்.