மோட்டார் வண்டியின் பிரேக் மாஸ்டர் சிலிண்டர்: பழுதறிந்து மாற்றும் விதம்

இராமநாதபுரம் ஜில்லாவில் முண்டு மிளகாயையும் நெல்லையும் சந்தைக்குக் கொண்டுபோகும் குடியானவர்களிற் பலர் இப்பொழுது சொந்தமாகச் சிறு சரக்கு வண்டி வைத்திருக்கிறார்கள். 1988-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பாம்பன் சாலைப் பாலத்தின் இறக்கத்தில், பாரம் ஏற்றிய வண்டியின் பிரேக் மிதி காலடியில் மெல்லத் தாழுமாயின் அபாயம் எத்தகையதென்று சொல்ல வேண்டுவதில்லை.

மிதியை அழுத்தும்போது மாஸ்டர் சிலிண்டரிலுள்ள பிஸ்டன் முன்னே நகர்ந்து, பிரேக் ஆயிலைக் குழாய்களின் வழியே சக்கரங்களுக்குத் தள்ளுகிறது. ஆயில் பின்னோக்கி நழுவாமற் காப்பது பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் கப். அது தேய்ந்தாலும், சிலிண்டரின் உட்புறம் அரித்துக் குழி விழுந்தாலும், ஆயில் கப்பைக் கடந்து தன் டப்பாவுக்கே திரும்பிவிடும். ஒரு துளியும் தரையில் சிந்தாது. ஆகையால் ஆயில் மட்டம் குறையவில்லையென்று நிம்மதி கொள்வது பிசகு.

கடலோரத்தில் இக்கேடு விரைவில் நேரக் காரணமுண்டு. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 வகை புதிதாயிருக்கையில் 205 டிகிரி சென்டிகிரேடு வரையிலாவது கொதியாதிருக்க வேண்டும் என்பது விதி. நூற்றுக்கு ஏறக்குறைய 3.7 பங்கு நீர் சேர்ந்தபின் அவ்வெல்லை 140 டிகிரியாகத் தாழ்கிறது. நீர் சிலிண்டரையும் உள்ளிருந்து அரிக்கும்.

பழுதறிய, வண்டியைச் சமதரையில் நிறுத்திச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்கவும். இயந்திரத்தை நிறுத்தி, மிதியைப் பலமுறை மிதித்தபின், ஒரே அழுத்தமாக ஒரு நிமிஷம் வைத்திருக்கவும். மிதி மெல்ல இறங்கிக்கொண்டே போய், வெளியில் எங்கும் கசிவு இல்லையாயின் குற்றம் மாஸ்டர் சிலிண்டரிலேயே. விரைந்து மிதித்தால் நின்று, மெதுவாய் அழுத்தினால் தாழ்வதும் இதன் அடையாளம். மிதி பஞ்சுபோலிருந்தால் குழாயில் காற்றிருக்கிறது. சக்கரத்தின் உட்புறம் நனைந்திருந்தால் வீல் சிலிண்டரைப் பார்க்க வேண்டும். பூஸ்டர் உள்ள வண்டியில் இயந்திரத்தை இயக்கியவுடன் மிதி சிறிது இறங்குவது இயல்பே; அதைப் பழுதென எண்ணலாகாது. இச்சோதனையைச் செய்யாமல் இருமுறை பிரேக் லைனிங்கை மாற்றிப் பணத்தை வீணாக்கிய ஒரு குடியானவரை நான் அறிவேன்.

குழி விழுந்த சிலிண்டருக்குக் கப் மட்டும் மாற்றுவது சில மாதங்களுக்குக்கூட உதவாது. முழுதும் மாற்றுவதே சிக்கனம். பழைய ஆயிலை உறிஞ்சியெடுத்து, குழாய் நட்டுகளை அதற்குரிய ஸ்பேனரால் கழற்றவும். சாதாரண ஸ்பேனர் உப்புக்காற்றில் இறுகிய நட்டின் முனைகளை மழுக்கிவிடும். புதிய சிலிண்டரைப் பொருத்துமுன் பட்டறை மேசையிலேயே ஆயில் நிரப்பி, பிஸ்டனை மெல்லத் தள்ளிக் காற்றை வெளியேற்றுக. பொருத்தியபின் கம்பெனிக் கைப்புத்தகம் கூறும் வரிசைப்படி ஒவ்வொரு சக்கரத்திலும் காற்றெடுக்க வேண்டும். மிதிக்குச் சிறிது தளர்வு இருத்தல் அவசியம். இல்லையேல் ஆயில் திரும்ப வழியின்றிப் பிரேக் பிடித்தபடியே நிற்கும்.

ஆரம்ப காலத்தில் ஆமணக்கெண்ணெயும் ஆல்கஹாலும் கலந்த திரவமே பிரேக்குகளுக்கு உபயோகமாயிற்று. இதைக்கொண்டு இக்காலத்து வண்டியில் கைக்குக் கிடைத்த எண்ணெயை வார்த்துவிடலாகாது. டாட் ஆயில் கேட்கும் வண்டியில் இஞ்சின் ஆயிலை ஊற்றினால் ரப்பர்கள் ஊதிக் கெட்டு, எல்லாவற்றையும் மாற்ற நேரும். சில டிராக்டர்களுக்கோ கனிம எண்ணெயே விதிக்கப்பட்டிருக்கிறது. டப்பாவின் மூடியில் எழுதியிருப்பதைப் படித்தே ஊற்றுக.

ஆயிலை இரண்டு வருஷத்துக்கொருமுறை மாற்றுவது நலம். திறந்து வைத்த புட்டியின் மிச்சத்தை அடுத்த வருஷத்துக்கு வைக்கலாகாது. வண்டியின் வர்ணத்தில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவவும். கழித்த ஆயிலைக் கண்மாயிலோ கிணற்றருகிலோ கொட்டாமல், மூடிய கலத்தில் பட்டறையிற் சேர்ப்பிக்கவும். வேலை முடிந்ததும் பாரமின்றி, ஆளில்லாத சமவெளியில், நடை வேகத்தில் பலமுறை பிரேக் பிடித்துப் பார்த்த பின்னரே மூட்டைகளை ஏற்றலாம்.